நரம்பு நோயும் அவசரத் தீர்ப்பும்

பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்யும் ஒருவர் இழைக் கணக்கை அடிக்கடி மறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிதியில் கால் தடுமாறுகிறது. நடுப்பகலில் கண் மங்குகிறது. கூட உட்கார்ந்து கரை நாடா எறிபவர் காத்துக் காத்து அலுத்துப்போகிறார். 'புத்தி மழுங்கிவிட்டது' என்று ஒருவரும், 'குடியாயிருக்கும்' என்று மற்றொருவரும் தீர்ப்பளித்துவிடுவார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்னும் வியாதி மேனாடுகளில் உள்ள அளவு நம் நாட்டில் இல்லை. ஆகையால் அதன் நினைவு யாருக்கும் வருவதில்லை.

ஜரிகையை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பட்டிழையின்மேல் வெள்ளி சுற்றியிருப்பதுபோல், நரம்பிழையின்மேல் மையலின் என்னும் கொழுப்புறை சுற்றியிருக்கிறது. தேகத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே அவ்வுறையை அங்கங்கே அரித்துவிட, நரம்பில் ஓடும் செய்தி தாமதிக்கிறது. சிலவிடத்தில் நின்றும் விடுகிறது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக வருகிறது. உடற்சூடு ஏறினால் இந்நோயாளிக்குப் பார்வை மங்கும்; உடலை வருத்தி உழைக்கும்போது அவ்வாறு மங்குவதை ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1890இல் எழுதினார். காஞ்சியின் சித்திரை வெயிலைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை!

மனத்தின் நிலை என்ன? 1868இல் இந்நோயை விவரித்த பாரிஸ் வைத்தியர் ஷார்கோ, ஞாபகம் குன்றுவதையும் எண்ணங்கள் மெல்ல உருவாவதையும் கவனித்திருந்தார். எனினும் 1926இல் 100 நோயாளிகளை ஆராய்ந்த கோட்ரெல், வில்சன் என்னும் இருவர், அறிவுக்குக் கெடுதி அரிதென்றும், காரணமற்ற உற்சாகமே மிகுதியென்றும் முடிவு கட்டினார்கள். அக்கொள்கை நெடுங்காலம் நிலைத்தது. பேசிப்பார்த்து மட்டும் எடைபோட்டால் அப்படித்தான் தோன்றும். ஏனெனில் சொல்வளமும் பொது அறிவும் பெரும்பாலும் குறைவதில்லை. அமெரிக்காவில் ஸ்டீபன் ராவ் குழுவினர் 1991இல் முறையான சோதனைகள் வைத்தபோதோ, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் குறை தென்பட்டது. குறைவது வேகம், புதிதாய்க் கேட்டதை மனத்தில் நிறுத்தும் திறன், ஒரே சமயத்தில் இரண்டைக் கவனிக்கும் சக்தி. உற்சாகத்தைவிட மனச்சோர்வே அதிகமென்பதும் இன்று தெளிவு. நடக்க முடியாதவர் தெளிந்த அறிவோடிருப்பதும், நன்றாய் நடப்பவர் கணக்கில் தடுமாறுவதும் உண்டு. சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது. நோயின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகளும் இருக்கின்றன. அதை விதியென்று விட்டுவிடுவது மன்னிக்கமுடியாத பிழை.

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்வியாதியைப் பெயர் சொல்லியே அட்டவணையில் சேர்த்திருக்கிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற சர்க்கார் ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாதென்று அதன் 20ஆவது பிரிவு தடுக்கிறது. வக்கீல் என்ற முறையில் நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நெசவாளிக்கு அப்பிரிவு என்ன செய்யும்? அவரை யாரும் நீக்கவேண்டியதில்லை. அடுத்த பாவைக் கொடாதிருந்தாலே போதும்.

தறிமுதலாளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இவ்விஷயத்தை ஆலோசிக்கவேண்டும். முதலில் அவரைச் சென்னைப் பெரியாஸ்பத்திரியின் நரம்பியல் வைத்தியர்களிடம் அனுப்பட்டும். பிறகு கெடுவைத் தளர்த்தி, கோர்வையில்லாத சேலைக்குப் பாவு கொடுக்கட்டும். வெயில் ஏறுமுன் நெய்யவும், இழைக் கணக்கைச் சிலேட்டில் குறித்துக்கொள்ளவும் இடமளித்தால், அந்தத் தறி ஓயாமல் இருக்கக்கூடும்.