ஆண்டர்சென் யாருடைய மகன்?

குழந்தைகளுக்கு ‘குட்டிக் கடற்கன்னி’யைத் தந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சென் 1805இல் டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் பிறந்தார். ஆண்டர்சென் என்றால் ஆண்டர்ஸின் மகன். ஆனால் செருப்புத் தைத்துப் பிழைத்த அவருடைய அப்பாவின் பெயர் ஹான்ஸ். ஆண்டர்ஸ் என்பது தாத்தா. மனம் பேதலித்த அந்த முதியவர் மனித உடலும் விலங்குத் தலையுமாக மரப்பொம்மைகள் செதுக்குவாராம். தெருப் பையன்கள் அவரைக் கேலி செய்தபோது தான் பயந்து ஒளிந்துகொண்டதைப் பேரன் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். உலகம் முழுக்கப் போன பெயர் அந்தத் தாத்தாவுடையது.

பழைய ஸ்காண்டிநேவிய வழக்கப்படி பேரன் ஹான்சென் ஆகியிருக்க வேண்டும். அங்கே பின்பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்சென், மகள் ஆண்டர்ஸ்டாட்டர். கல்யாணம் ஆனாலும் மகளின் பெயர் மாறாது. ஆண்டர்ஸ் என்பதும் வேறு யாருமல்ல, நம் பைபிளில் வரும் அந்திரேயாதான். கிறிஸ்தவம் பரவியபோது வடக்கே போய் உருமாறிய பெயர்.

நகரங்களில் இந்த வழக்கம் முன்பே தளர்ந்திருந்தது. கிராமங்களுக்கு அரசு ஆணை வேண்டியிருந்தது. ஞானஸ்நானத்தின்போதே குழந்தையின் குடும்பப் பெயரையும் முடிவுசெய்ய வேண்டும் என்று 1828இல் டென்மார்க் அரசு உத்தரவிட்டது. மக்கள் உடனே பணியவில்லை. 1856இல் மறுபடியும் சட்டம் வந்தது. அன்றைக்கு அப்பாவுக்கு இருந்த பின்பெயர் அப்படியே உறைந்துபோனது. ஜென்சென், நீல்சென், ஹான்சென் என்று ஒரே பெயரில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் உருவானது அதனால்தான். ஸ்வீடன் ராணுவமோ இந்தக் குழப்பத்தை முன்பே சந்தித்திருந்தது. ஒரே அணியில் பல ஆண்டர்சோன்கள் நின்றால் யாரைக் கூப்பிடுவது? ஆளுக்கொரு புதுப்பெயர் கொடுத்தார்கள்: எஃகு, வாள், துணிச்சல்காரன். அவற்றில் பல இன்றும் குடும்பப் பெயர்களாக வாழ்கின்றன.

பெயர் உறைந்ததில் காணாமல்போனவள் மகள். பெண்களும் ‘மகன்’ என்று முடியும் பெயரையே சுமக்க நேர்ந்தது. இது சிறிய இழப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐஸ்லாந்து மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்வதை 1925இல் சட்டம் போட்டே தடுத்தது. 1980இல் அந்த நாட்டின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் விக்டிஸ் ஃபின்போகாதோத்திர், அதாவது ஃபின்போகியின் மகள். அவருடைய அப்பா தோர்வால்டின் மகன் என்பதால் தோர்வால்ட்சோன். அங்கே டெலிபோன் டைரக்டரியில்கூட முதற்பெயர் வரிசைதான் இருந்தது. ஜனாதிபதியையும் மக்கள் விக்டிஸ் என்றே அழைத்தார்கள். அந்த ஊரில் அதுதான் மரியாதை.