பாய்மரத்துக்குள் 9 லிட்டர்

30 அடியை ஒட்டிய பாய்ப்படகு ஒன்றின் அலுமினியப் பாய்மரத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். உயரம் 12 மீட்டர். வெட்டுமுகம் நீள்வட்டம்: வெளியளவு 150 மில்லிமீட்டருக்கு 100, சுவரின் தடிமன் 3. உள்ளே மிஞ்சுவது 144-க்கு 94. வெறும் குழாயின் எடை ஏறக்குறைய 37 கிலோ. உள்ளிருக்கும் வெற்றிடமோ மீட்டருக்கு 10.6 லிட்டர், அடி முதல் நுனி வரை 127 லிட்டர். நுனி வரை யாருக்கும் நிரம்புவதில்லை. அடியில் ஒரு மீட்டர் நின்றாலே போதும், சேதம் தொடங்கிவிடும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? உச்சியைப் பார்த்துத்தான் எல்லோரும் கை நீட்டுவார்கள். உச்சியில் கப்பிகள் சுழலும் பிளவுகள், விளக்குக் கம்பி நுழையும் துளை என்று வானம் பார்த்த திறப்புகளைக் கூட்டினால் 40 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். ஆக, ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் கொட்டினாலும் அந்தத் திறப்புகளில் நேராக விழுவது 200 மில்லி. ஒரு தம்ளர்.

மழை நேராக விழுவதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி விநாடிக்குச் சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் இறங்கும். அதாவது மணிக்கு 23 கிலோமீட்டர். காற்றும் அதே வேகத்தில் வீசினால் மழை 45 டிகிரி சாய்ந்துவிடும். புயல் வேண்டாம், சாதாரணக் கடற்காற்றே இதைச் செய்யும். பக்கவாட்டுக் காற்றுக்குப் பாய்மரம் காட்டும் முகம் 12 மீட்டர் உயரம், 15 சென்டிமீட்டர் அகலம்: 1.8 சதுர மீட்டர். அதே 50 மில்லிமீட்டர் மழை இப்போது அந்த முகத்தில் 90 லிட்டராக வழிகிறது. வழியும் நீரைப் பாயின் விளிம்பு ஓடும் பள்ளம் வாங்கிக்கொள்கிறது. பாயை ஏற்றும் கயிறுகள் வெளியே வரும் நீள்துளைகளிலும், குறுக்குக் கைகள் பொருந்திய இடங்களிலும் உள்ளே இறங்குகிறது. நனைந்த கயிறே திரிபோல நீரை உள்ளே கடத்தும். பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே போனது என்று கொள்வோம். 9 லிட்டர். அடி அடைபட்ட குழாயில் அது 85 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும்.

உச்சித் துளைகளைச் சீலன்ட் வைத்து அடைத்துவிட்டு நிம்மதியாக உறங்கப் போகிறவர்கள் தடுப்பது அந்த 200 மில்லியை மட்டும். மற்ற வழிகளை மூட முடியாது. கயிறு ஓட வேண்டும். கயிறு உள்ளே ஓடும் மரத்தில் நீரைத் தடுப்பதற்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயையும் முதலில் வடிகாலுக்குச் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாஸ்டன், டொராண்டோ, பால்டிக் கரை போன்ற குளிர் ஊர்களில் படகைக் கரையேற்றிவிட்டு, கிரேன் கூலியை மிச்சப்படுத்த மரத்தை நிறுத்தியபடியே விடுபவர்கள் பலர். நீர் உறையும்போது கன அளவு 9 விழுக்காடு கூடும். மேற்பரப்பும் சுவரோரமும் முதலில் உறைந்து மூடிபோல இறுகிவிட்டால், நடுவில் சிக்கிய நீருக்கு விரிய இடமில்லை. அப்படி அடைபட்ட நீர், உறைநிலைக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் 130 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் தரவல்லது. 3 மில்லிமீட்டர் சுவர் எவ்வளவு தாங்கும்? பாய்மரத்துக்குப் பயன்படும் 6082-டி6 வகை அலுமினியம் 250 மெகாபாஸ்கலில் நெகிழத் தொடங்கும். குழாய் உருண்டையாக இருந்தால் தாங்குவது சுமார் 125 வளிமண்டலம். நீள்வட்டத்துக்கு அதைவிடக் குறைவு. ஒரே ஒரு டிகிரிக் குளிரே சுவரின் தாங்குதிறனைத் தாண்டுகிறது. மரம் அடியில் நெடுக்காகப் பிளக்கும். மாற்றுக் குழாய் வாங்கப் போனால் அலுமினியத்தின் விலையோடு கப்பல் கூலியும் சேரும்: 40 அடி கன்டெய்னரின் உள்நீளம் 12.03 மீட்டர், 12 மீட்டர் மரம் அதில் மயிரிழையில்தான் நுழையும்.

சென்னையில் உறைபனி இல்லை. ஆனால் உப்பு இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு. அலைத்தூவல் மரத்தில் படிந்து காய்ந்ததை அடுத்த மழை கழுவி உள்ளே இறக்குகிறது. துருப்பிடிக்காத எஃகு ஆணியும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்து நின்றால் அலுமினியம் கரையும். ஆணித் தலையைச் சுற்றிப் பெயின்ட் முதலில் கொப்பளிக்கும். நகத்தால் கீறினால் ஈரச் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் தூள் உதிரும். அந்தத் தூள்தான் பிறகு வடிதுளையையும் அடைக்கிறது.

இனி வடிகால். 85 சென்டிமீட்டர் உயரம் நிற்கும் 9 லிட்டர், 10 மில்லிமீட்டர் துளை வழியாக ஒன்றரை நிமிடத்தில் வெளியேறிவிடும். 5 மில்லிமீட்டர் துளைக்கு 6 நிமிடம், 3 மில்லிமீட்டருக்கு 17 நிமிடம். மழையின் வேகத்துக்கு 3 மில்லிமீட்டரே தாராளம். பிறகு எதற்கு 10? குளவி கட்டும் மண்கூடு, கயிற்றின் பிசிறு, அந்த வெள்ளைத் தூள், இவற்றுக்காக. 3 மில்லிமீட்டர் துளை ஒரே மழைக்காலத்தில் அடைபட்டுவிடலாம். விளிம்பை அரத்தால் வழுவழுப்பாக்க வேண்டும். வேறு துளைகள் உள்ள அதே மட்டத்தில் போடக் கூடாது. மரம் அங்கே பலவீனப்படும்.

மரம் தளத்தின் மேலேயே நின்றால் அடியில் துளை போடுவதோடு வேலை முடிந்தது. தளத்தைத் துளைத்துக்கொண்டு படகின் அடிவரை இறங்கும் மரத்துக்குத்தான் உள்ளே ஓர் அணை தேவை. இல்லாவிட்டால் அத்தனை நீரும் படகுக்குள்ளேயே இறங்கும். வேறு வேலைக்காக மரத்தைக் கழற்றும்போது இதையும் செய்துகொண்டால் கிரேன் கூலி தனியாக விழாது. கிடத்திய மரத்தின் அடிவழியாக ஒரு ஸ்பாஞ்சு அடைப்பைக் குறித்த இடம்வரை தள்ளி, மின்கம்பிகளை அதனூடே ஒரு பிளாஸ்டிக் குழாயில் விட்டு, 20 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பாலியூரித்தேன் நுரை நிரப்ப வேண்டும். அதன் கன அளவு 2.1 லிட்டர். கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தியுள்ள நுரை என்றால் தேவைப்படும் கலவை 68 கிராம் மட்டுமே. மரத்தை நிறுத்திய பின், தளத்துக்குச் சற்று மேலே போட்ட வடிதுளை வழியாக எப்பாக்சி ஊற்றலாம். அது தானே மட்டம் பார்த்துக்கொண்டு ஏறி, துளையின் கீழ்விளிம்பைத் தொட்டதும் வெளியே எட்டிப் பார்க்கும். அங்கே நிறுத்த வேண்டும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு 106 மில்லி செலவாகும். கம்பிக் குழாயின் மேல்முனை இந்த மட்டத்தைவிட ஒரு சாணாவது உயர்ந்திருக்க வேண்டும். இதை மறந்தால் அணையால் பயனில்லை.

தோராய விலை வைத்துப் பார்த்தால் நுரைக் கலவையின் சிறு பொதி 900 ரூபாய், எப்பாக்சி 500, சீலன்ட் 500, துளையிடும் அலகும் அரமும் 200, குழாய் 100. மொத்தம் 2,200 ரூபாய். நுரையில் பத்தில் ஒன்பது பங்கு மீந்துவிடும் என்பதால், பக்கத்துப் படகுக்காரருடன் பகிர்ந்துகொண்டால் இன்னும் குறையும்.

சிறு பந்தயப் படகில் கணக்கு தலைகீழ். நேத்ரா குமணன் ஒலிம்பிக்கில் ஓட்டிய ஐஎல்சிஏ 6, விஷ்ணு சரவணன் ஓட்டிய ஐஎல்சிஏ 7 இரண்டுக்கும் பாய்மரத்தின் மேற்குழாய் ஒன்றே. அதற்குள் கயிறு ஏதும் ஓடுவதில்லை. ஆகவே முழுதும் அடைக்கலாம், அடைத்தே ஆகவேண்டும். சுமார் 2 அங்குல விட்டம், 3.6 மீட்டர் நீளம். உள்ளே 6 லிட்டருக்கு மேல் காற்று. கவிழும்போது அந்தக் காற்று, மரம் அமிழ்ந்து படகு முழுக்கத் தலைகுப்புற விழுவதைத் தாமதப்படுத்துகிறது. ரிவெட் வழியாக 6 லிட்டர் நீர் புகுந்தால் அந்த மிதப்பு போய்விடும். அதோடு நில்லாது, மரத்தை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கும்போது படகிலிருந்து சுமார் 4 மீட்டர் தள்ளி 6 கிலோ தொங்கும். அதன் திருப்புவிசை 24 கிலோ-மீட்டர். 70 கிலோ எடையுள்ளவர் சென்டர்போர்டின் மேல் ஏறி ஒரு மீட்டர் தள்ளி நின்றால் தரமுடிவது 70. மூன்றில் ஒரு பங்கு அந்த நீருக்கே போகிறது. களைத்த கைகளோடு அலையில் மிதக்கும் ஓர் இளம் வீரருக்கு இது பெரிய வேறுபாடு.

சோதனைக்குச் செலவில்லை. கரையேறியதும் குழாயைக் கழற்றி ஒரு முனையைத் தூக்கினால், உள்ளே நீர் இருந்தால் சலசலவென்று மறுமுனைக்கு ஓடும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பயிற்சிக்கு முன்னும் பின்னும் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். வெளிஈரத்தைத் துடைத்த பிறகும் 100 கிராம் கூடியிருந்தால் எங்கோ கசிகிறது. குழாயை நீரில் அழுத்திக் குமிழி வரும் ரிவெட்டைக் குறித்துவைத்து, உள்நீரை வடித்து, நன்கு உலர்த்தி, சீலன்ட் தடவிய புது ரிவெட் அடிக்க வேண்டும். ஒரு நாள் காயவிட்ட பிறகு மறுபடி நீரில் அழுத்திப் பார்த்துவிட்டே படகில் ஏற்ற வேண்டும்.