நிறுத்தப்புள்ளியில் வீழும் நிரல்

மட்டக்களப்பு வாவியைக் குருமண்வெளித் துறையில் கடந்து மண்டூருக்குச் சென்றவர்களுக்குப் 'பாதை' எனப்படும் மிதவையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு கால் கரையிலும் மறு கால் பாதையிலும் இருக்கும் கணத்தில் பின்னின்று யாரேனும் அழைத்தால், திரும்பியவர் நீரில் விழவும் கூடும். பழைய கணினியில் பிழை தேடும் நிரல், தானே வைத்த நிறுத்தப்புள்ளியை அடைந்ததும் நிலைகுலைந்து வீழ்வதற்கு இத்தகைய கணமொன்று காரணமாவதுண்டு. இதனை அறியாதவர் குற்றமற்ற தம் நிரலைப் பல நாள் திருத்திக்கொண்டிருப்பர். அல்லது நல்ல பொறியைப் பழுதென்று ஒதுக்கிவிடுவர்.

டிபக்கர் எனவும் வழங்கும் இந்நிரல், ஆராய வேண்டிய நிரலை வேண்டிய இடத்தில் நிறுத்திக் காட்டுவது. அதன் தந்திரம் எளியது. இன்டெல் நிறுவனம் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட 8086 செயலியில், குறித்த கட்டளையின் முதற் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அவ்விடத்தில் 204 என்னும் எண்ணை எழுதிவிடுகிறது. அதனைக் கண்ட செயலி, தான் நின்ற இடத்தின் முகவரியை 'அடுக்கு' என்னும் நினைவகப் பகுதியில் குறித்துவிட்டுப் பிழை தேடும் நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது.

ஆகவே, வாசிக்க மட்டும் இயலும் நினைவகத்தில் இவ்வாறு நிறுத்தப்புள்ளி வைத்துப் பயனில்லை. நீண்ட கட்டளையின் நடுவே வைத்தாலோ கட்டளையே வேறாகிவிடும். இவ்விரண்டையும் முதலில் பார்த்துவிடுதல் நன்று.

அடுக்கினால் வரும் கேடு எளிதில் அகப்படாது. அடுக்கு இருக்குமிடத்தை 8086 இரண்டு பதிவகங்களில் வைத்திருக்கிறது. வேறோர் அடுக்குக்கு மாறும் நிரல் அவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகவே மாற்றல் வேண்டும். ஒன்று மாறி மற்றது மாறாத வேளையில் குறுக்கீடு நேர்ந்தால், முகவரி பொருந்தாத இடத்தில் எழுதப்பட்டு, அங்கிருந்ததை அழித்துவிடும். இதனைத் தவிர்க்க, முதற் பதிவகம் மாறியபின் அடுத்த கட்டளை முடியும்வரை குறுக்கீடு காத்திருத்தல் வேண்டும் என்பது விதி. முதலில் வந்த 8088 செயலிகளில் இவ்விதி செயற்படவில்லை. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். கணினிகளுள் தொடக்கத்தில் விற்றவற்றில் அச்செயலிகள் இருந்தன. செயலியின் முதுகில் இன்டெலின் உரிமைக் குறியோடு 78 என்று மட்டும் பொறித்திருந்தால் ஐயுறலாம். 81 என்பதும் சேர்ந்திருந்தால் அது திருத்தப்பட்டது.

திருத்தப்பட்ட செயலியும் 204ஐக் காத்திருக்கச் செய்யாது. அது வெளியிலிருந்து வரும் குறுக்கீடன்று, நிரலுக்குள் இருக்கும் கட்டளை. எனவே அவ்விரு கட்டளைகளையும் ஒன்றெனக் கொண்டு, நிறுத்தப்புள்ளியை அவற்றுக்கு முன்போ பின்போ வைத்தல் வேண்டும்.

1985ஆம் ஆண்டின் 80386 செயலி, நினைவகத்தில் எதையும் எழுதாமல் நான்கு நிறுத்தப்புள்ளிகளைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ள வழி செய்தது. விந்தை என்னவெனில், காக்க வந்த பழைய விதியே இங்கு வினையாயிற்று. அடுக்கை மாற்றும் கட்டளையில் எழுந்த நிறுத்தம் விதிப்படி காத்திருக்கும். அடுத்த கட்டளை இயங்குதளத்தை அழைப்பதாயின், அந்நிறுத்தம் இயங்குதளத்தின் வாசலிற் போய் விழிக்கும். விண்டோஸ், லினக்ஸ் முதலியவற்றை எழுதியோர் இதனை எதிர்பார்க்கவில்லை. சாதாரணப் பயனர் ஒருவர் இதனைக் கொண்டு முழுக் கணினியையும் வீழ்த்தலாம் என்பது 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியாயிற்று; திருத்தங்களும் உடன் வந்தன. அத்திருத்தம் ஏறாத பழைய இயங்குதளத்தில் பிழை தேடுவோர், நிறுத்தப்புள்ளியில் முழுக் கணினியும் வீழுமாயின், முதலில் இதனையே ஐயுறுதல் வேண்டும்.