எந்தப் புழு நண்பன், எந்தப் புழு பகைவன்?

(பெற்றோர் வாசித்துச் சிறு பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவதற்காக)

மாரி காலம் ஒன்றில், இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு வளவுக்கு நாம் சென்றிருந்தோம். இரவு பெய்த மழைக்குப் பின் குழாயடியில் நாலைந்து மண்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஒரு சிறுவன் அவற்றின் மேல் உப்பைத் தூவிக்கொண்டு நின்றான். ஏன் என்று கேட்டோம். "வயிற்றுக்குள்ளே போற பூச்சி சுவாமி, கொல்ல வேணும்" என்றான். அவன் காலில் செருப்பு இல்லை. சற்று நேரத்தில் அதே வெறுங்காலோடு பின்பக்கத்துப் பற்றைக்குள் வெளிக்குப் போக ஓடினான்.

அவன் கொன்றது நண்பனை. பகைவனோ அந்தப் பற்றைக்குள் காத்திருந்தான். தகப்பனோடு சொந்தத் தோட்டத்தில் நின்று வளர்ந்திருந்தால் மண்புழு யாருக்கு உதவுவது என்பதை அவன் கண்ணால் கண்டே அறிந்திருப்பான். இரவல் காணியில் வளரும் பிள்ளைகளுக்கு இதை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

புழுவும் புழு அல்லாதவையும்

காலில்லாமல் நெளிவதையெல்லாம் நாம் புழு என்கிறோம். ஆனால் கொய்யாப் பழத்துக்குள் இருப்பது ஈயின் குஞ்சு. முருங்கை மரத்து மயிர்கொட்டி விட்டிலின் குஞ்சு. இவை வளர்ந்து சிறகு முளைத்துப் பறந்துவிடும். உண்மையான புழுவுக்கு எந்த நாளிலும் காலோ சிறகோ முளைப்பதில்லை.

உண்மையான புழுக்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். நாடாவைப் போலத் தட்டையானவை ஒரு வகை. நாடாப்புழு இதைச் சேர்ந்தது. நூலைப் போல உருண்டு வழுவழுப்பானவை இன்னொரு வகை. வட்டப்புழு, கொளுக்கிப்புழு, கீரிப்பூச்சி ஆகியன இதைச் சேர்ந்தவை. உடல் முழுவதும் வளையம் வளையமாக உள்ளவை மூன்றாம் வகை. மண்புழுவும், காலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் அட்டையும் இந்த வகையே.

நண்பன்

மண்புழுவை நம் முன்னோர் நாங்கூழ் என்றும் அழைத்தனர். இதற்குக் கண் இல்லை, காதும் இல்லை. ஆனாலும் வெளிச்சத்தைத் தோலால் உணர்ந்து இருட்டுக்குள் போய்விடும். நிலம் அதிர்ந்தாலும் அறிந்துகொள்ளும். மூச்சு விடுவதும் தோலால்தான். அதற்குத் தோல் எப்பொழுதும் ஈரமாக இருக்க வேண்டும். வெயில் பட்டால் காய்ந்து இறந்துவிடும். உப்புத் தூவினால் உடலில் உள்ள நீரை உப்பு இழுத்துவிடுகிறது. அந்தச் சிறுவன் கண்ட துடிப்பு அதுதான்.

இதற்குப் பல்லும் இல்லை. உக்கிய இலையையும் மண்ணையும் சேர்த்து விழுங்குகிறது. கோழிக்கு இருப்பதைப் போல இதற்கும் உடலுக்குள் ஓர் அரைக்கும் பை உண்டு. விழுங்கிய மணல்தான் அதற்கு அம்மிக்கல். அரைபட்டு வெளியேறும் கழிவையே குறுணி குறுணியாக நிலத்தின் மேல் காண்கிறோம். அது பயிருக்கு நல்ல பசளை. புழு துளைத்த வழியால் மழைநீர் கீழே இறங்குகிறது. வேருக்குக் காற்றும் கிடைக்கிறது.

இங்கிலாந்து அறிஞர் சாள்ஸ் டார்வின் பல்லாண்டுகள் மண்புழுக்களை அவதானித்து 1881 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நாட்டின் பல இடங்களில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் 10 தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலுக்குள்ளால் சென்று வருகிறது என்று அவர் அதில் கணக்கிட்டுக் காட்டினார். சம்பளம் வாங்காமல் உழுகின்ற கூலியாள் இது.

மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அது சரியல்ல. தலைப்பக்கம் சில வேளை பிழைக்கலாம், வால்பக்கம் இறந்துவிடும்.

பகைவர்கள்

கொளுக்கிப்புழு ஒரு சென்ரிமீற்றர் நீளந்தான். நோயுள்ள ஒருவர் வெட்டவெளியில் மலங்கழித்தால் அதன் முட்டைகள் ஈர மண்ணில் பொரிக்கின்றன. ஒரு கிழமை அளவில் கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுகள் மனிதனைப் பற்றத் தயாராகிவிடும். வெறுங்கால் பட்டதும் தோலைத் துளைத்து இரத்தத்தில் சேர்ந்து சுவாசப்பைக்குப் போகின்றன. அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைந்து, அதன் சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சுகின்றன. பிள்ளை வெளிறிப்போகிறது, படிப்பில் சோர்வடைகிறது. கர்ப்பிணித் தாய்க்கும் குருதிச்சோகை உண்டாகிறது.

வட்டப்புழு ஒரு சாணுக்கு மேலும் வளரும். பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் முட்டை இடும். அவை மண் பட்ட கையாலும் கழுவாத மரக்கறியாலும் வாய்க்குள் போகின்றன. கீரிப்பூச்சி இரவில் மலவாசலில் வந்து முட்டையிடும். பிள்ளை சொறிந்த நகத்தோடு வாயில் கை வைத்தால் மீண்டும் அதே கதைதான். நாடாப்புழு சரியாக வேகாத மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி மூலம் வருவது.

1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழுவுக்கு எதிராக வேலை தொடங்கியது. தொழிலாளருக்கு மருந்து கொடுக்கப்பட்டது. ஆனால் மலசலகூடம் இல்லாத லயங்களில் குணமானவர்களையே புழு மீண்டும் பற்றியது. மருந்து வயிற்றில் உள்ள புழுவைத்தான் கொல்லும். மண்ணில் உள்ளதைத் தடுக்க வேறு வேலை செய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

• மலசலகூடத்தையே பாவிப்போம். இல்லாத இடத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து, கிணற்றுக்குத் தூரமாக ஆழமான கிடங்கு வெட்டி, மூடி பாவிப்போம்.
• பிள்ளைகளுக்கு முதலில் ஒரு சோடி செருப்பு வாங்குவோம்.
• சாப்பிட முன்னும், வெளிக்குப் போய் வந்த பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவோம். நகத்தை ஒட்ட வெட்டுவோம்.
• பூச்சிக் குளிசையைக் குடும்பநல மருத்துவ மாதுவிடம் அல்லது வைத்தியரிடம் கேட்டே கொடுப்போம். கர்ப்பிணிகள் தாமாக எடுக்கக் கூடாது.
• மாட்டெருவையும் இலைகுழைகளையும் கூட்டெருவாக்குவோம். மனித மலத்தை அதில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

பிள்ளைகளே, செய்து பாருங்கள்

வாயகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றில் ஒரு படை மணல், ஒரு படை கறுத்த மண் என்று மாறி மாறி இடுங்கள். மேலே உக்கிய இலைகளைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மூன்று மண்புழுக்களை விடுங்கள். வாயைத் துணியால் கட்டி, போத்தலைக் கறுப்புத் துணியால் சுற்றி நிழலில் வையுங்கள். மண் காயாமல் பாருங்கள். இரண்டு கிழமையின் பின் துணியை எடுத்துப் பார்த்தால் மணலும் மண்ணும் கலந்திருக்கும். இலையும் கீழே இறங்கியிருக்கும். பிறகு புழுக்களை வாழையடியில் விட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

பெற்றோரும் கூட இருந்து பாருங்கள். சொந்தக் காணியைக் கொத்தும் நாள் வரும்போது, மண்ணுக்குள் புழுவைக் கண்டால் மண்வெட்டியை ஒதுக்கிப் பிடிக்க உங்கள் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.