மென்பொருள் பிறந்த கதை – 17: உள்ளே குடிவந்த மொழி

பிரேசிலின் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு சலிப்பான வேலை இருந்தது. நிலத்தடியையும் எண்ணெய்க் கிணறுகளையும் ஆராய அங்கிருந்த பொறியாளர்கள் பல கணிப்பு மென்பொருள்களை ஓட்டுவார்கள். அவை கேட்கும் உள்ளீடோ வெறும் எண்கள் நிறைந்த ஒரு கோப்பு. எந்த எண் எதைக் குறிக்கிறது என்று அதில் ஒரு சொல்கூட இருக்காது. துளை அட்டைக் காலத்து வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு எண் இடம் மாறினால் மொத்தக் கணக்கும் பாழ்.

இதைச் சரிசெய்யும் பொறுப்பு ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இயங்கிய டெக்கிராஃப் குழுவிடம் வந்தது. 1977 முதல் 1992 வரை பிரேசில் அரசு கணினிப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடுமையான தடை போட்டிருந்தது. வேண்டியதை வெளியிலிருந்து வாங்கிப் பழகாமல் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் அந்த ஆண்டுகளில் வேரூன்றியது. டெக்கிராஃப் ‘டெல்’ என்ற குட்டி மொழியை உருவாக்கியது. எந்தப் புலத்தில் என்ன தரவு வரும், அதன் இயல்பு மதிப்பு என்ன என்று அதில் எழுதிவைத்தால் போதும். உள்ளீட்டுப் படிவத்தை மென்பொருளே திரையில் வரைந்துவிடும்.

பொறியாளர்களுக்கு அது பிடித்துப்போனது. பிடித்துப்போனதால் மேலும் கேட்டார்கள். இந்தப் புலத்தில் இவ்வளவுக்கு மேல் வந்தால் தடுக்க வேண்டும். அதில் ஒன்று வந்தால் இதில் வேறொன்று வர வேண்டும். இதே செயலைப் பத்து முறை திரும்பச் செய்ய வேண்டும். நிபந்தனையும் சுழற்சியும் வந்த பிறகு அது வெறும் படிவ விவரிப்பாக இருக்க முடியாது, முழுமையான நிரல்மொழியாக வேண்டும். பெட்ரோபிராஸுக்கே அறிக்கை தயாரிக்கும் மென்பொருள் செய்துகொண்டிருந்த இன்னொரு குழுவும் ‘சோல்’ என்ற தன் மொழியோடு இதே இடத்தில் வந்து நின்றது. 1993-இல் டெக்கிராஃபைச் சேர்ந்த ரொபெர்ட்டோ யெருசாலிம்ஷி, லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகெரெடோ, வால்டெமார் செலஸ் ஆகிய மூவரும் உட்கார்ந்து பேசி, இரண்டுக்கும் பதிலாக ஒரே மொழி செய்வது என்று முடிவெடுத்தார்கள். அதுதான் லுவா.

ஏற்கெனவே இருந்த மொழி ஒன்றை எடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அவர்கள் தேடாமல் இல்லை. டிசிஎல் அன்று யூனிக்ஸில் மட்டுமே ஓடியது, பெட்ரோபிராஸிலோ பலவகைக் கணினிகள் இருந்தன. பைத்தான் அப்போது கைக்குழந்தை. லிஸ்ப்பின் அடைப்புக்குறிக் காட்டுக்குள் நிரலாளர் அல்லாத பொறியாளரை இறக்கிவிட அவர்களுக்கு மனமில்லை. ஆகவே, சி மொழி எங்கெல்லாம் ஓடுமோ அங்கெல்லாம் ஓடும் சிறிய மொழி ஒன்றை எழுதினார்கள்.

லுவாவின் அழகு அது இன்னொரு மென்பொருளுக்குள் உட்காரும் விதத்தில் இருக்கிறது. அது தனியாக நிற்பதற்கென்று எழுதப்பட்டதல்ல. சியில் எழுதிய நூலகம் ஒன்று, அவ்வளவுதான். உங்கள் மென்பொருள் அதை இணைத்துக்கொண்டு, தன்னிடம் உள்ள சில செயல்பாடுகளைப் பெயர் சூட்டி அதனிடம் ஒப்படைக்கிறது: ‘படத்தைத் திற’, ‘வெளிச்சத்தைக் கூட்டு’, ‘சேமி’. பயனர் எழுதும் ஸ்கிரிப்ட் இந்தப் பெயர்களைச் சொல்லி அழைக்கும். இரண்டு பக்கத்துக்கும் இடையே மதிப்புகள் ஒரு அடுக்கின் வழியாகவே கைமாறுகின்றன. சியில் நினைவகத்தை நிரலாளர்தான் கவனிக்க வேண்டும். லுவாவில் மொழியே கவனித்துக்கொள்ளும். சியில் மாறியின் வகையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், லுவாவில் வேண்டாம். இத்தனை வேறுபட்ட இரண்டு உலகங்கள் ஒன்றின் நினைவகத்துக்குள் மற்றொன்று நேரடியாகக் கைவைக்காமல் இருப்பதற்கே அந்த நடு அடுக்கு. ஸ்கிரிப்டில் பிழை நேர்ந்தாலும், அதைப் பாதுகாப்பான முறையில் அழைத்திருந்தால் மென்பொருள் விழாது. பிழைச் செய்தி மட்டும் திரும்பி வரும்.

இதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, எதை ஒப்படைக்கவில்லை என்பதைத்தான். கோப்புகளைத் தொடும் நூலகத்தையும் இயங்குதளத்தைத் தொடும் நூலகத்தையும் இணைக்காமல் விட்டால், ஸ்கிரிப்டுக்கு அவை இருப்பதே தெரியாது. பழைய வீடுகளில் வழிப்போக்கர் திண்ணையில் படுத்துறங்கலாம், அதற்காக உள்ளறை திறந்துகிடக்காது. மைக்ரோசாஃப்ட் வேர்டு ஆவணங்களுக்குள் உட்காரும் சிறு நிரல்களான மேக்ரோக்களுக்கு அந்த வரம்பு இல்லாமல் போனதன் விலை 1999 மார்ச்சில் தெரிந்தது. மெலிஸா வைரஸ் ஒரு வேர்டு ஆவணத்தின் மேக்ரோவாக வந்தது. திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்திலிருந்து 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கும் நடைமுறை 2022-இல்தான் வந்தது.

எண்ணெய் நிறுவனத்துக்காகப் பிறந்த லுவா வெகுதூரம் போனது. 1998-இல் லூகாஸ்ஆர்ட்ஸின் ‘கிரிம் ஃபாண்டாங்கோ’ விளையாட்டு அதில் ஓடியது. 2007-இல் வெளியான அடோபி லைட்ரூமின் கணிசமான பகுதி லுவாவில் எழுதப்பட்டது. ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ தன் திரை அமைப்பையே லுவா வழியாக விளையாடுபவர்களுக்குத் திறந்துவிட்டது. சிலர் தமக்காக ஸ்கிரிப்டே சண்டையிடும்படி எழுதத் தொடங்கியதும், மந்திரம் ஏவுவது போன்ற செயல்களை ஸ்கிரிப்ட் தானாக முடிவெடுத்துச் செய்ய முடியாதபடி பூட்டினார்கள். திரையை மாற்றும் உரிமை பெரும்பாலும் தொடர்ந்தது. சரியான முடிவு அது. விளையாட வேண்டியவர் மனிதர்.

மென்பொருள் எழுதும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பயனர்கள் ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்ய வேண்டும்’ என்று கேட்கத் தொடங்கும்போது, அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு நிபந்தனையாகச் சேர்த்துப் புது மொழி ஒன்றை அரைகுறையாகப் பெற்றெடுக்காதீர்கள். ரியோவின் மூவருக்கு 1993-இல் கிடைக்காத வசதி இன்று உங்களுக்கு இருக்கிறது. ஆயத்தமான, சோதித்துத் தேறிய, இலவசமான மொழி ஒன்றை உள்ளே வையுங்கள். ஒப்படைக்கும் செயல்பாடுகளின் பட்டியலை மட்டும் நீங்களே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக யோசித்து எழுதுங்கள்.

(தொடரும்)