மலை ஏறியவரும் மரம் காத்தவரும்

புனேயை அடுத்த போசரி தொழிற்பேட்டையில் ஏப்ரல் வெயில் 38 டிகிரியைத் தொடும். ஜூலையில்கூட 20 டிகிரியைத் தாண்டத் தயங்கும் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? விடை பக்கத்து ஊரான தாபோடியில் இருக்கிறது.

1827-ல் பம்பாய் கவர்னரான ஸ்காட்லாந்துக்காரர் சர் ஜான் மால்கம் கண்ட வழி எளியது: இடம் மாறுவது. கோடைக்கு மகாபலேஷ்வர் மலை. மழைக்காலத்துக்குத் தாபோடி பங்களா. மலையில் எழுந்த குடியிருப்புக்கு மால்கம்பேட் என்றே பெயர். கவர்னருக்குச் சரி, மற்றவர்களுக்கு?

அந்த பங்களாவின் தாவரத் தோட்டத்தை 1838 முதல் 1847 வரை கவனித்தவர் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், டாக்டர் அலெக்சாண்டர் கிப்சன். அரசுக்கு மூலிகை வளர்த்துத் தருவது அவர் வேலை. ஊர் ஊராகச் சுற்றியபோது அவர் கண்டது வேறு: மரம் வெட்டிய மலைகளில் ஓடைகள் வறண்டிருந்தன. 1840-களில் இதை எழுதி அரசை எச்சரித்தார். 1847-ல் பம்பாய் மாகாண வனப் பாதுகாவலரானார்.

தோட்டத்துச் செடிகளை அவர் வரையச் செய்த ஓவியங்கள் எடின்பரோ தாவரத் தோட்டத்தில் பத்திரமாக உள்ளன. வரைந்தவரின் பெயர்தான் பதிவாகவில்லை.

போசரியிலோ பட்டறைகளின் தகரக் கூரைகள் கொதிக்கின்றன. ஷிப்டு நடுவில் எந்தத் தொழிலாளியும் மகாபலேஷ்வர் போய்விட முடியாது. அவருக்கு உதவக்கூடியது கிப்சனின் வழிதான்.