காசைக் கையில் கொடுத்துக் கணக்குச் சொல்லித் தருவோம்

முதலாம் ஆண்டுப் பிள்ளையிடம் ஒரு கையில் 50 காசு ஒன்றையும், மறு கையில் 10 காசு மூன்றையும் நீட்டி, "எது அதிகம்?" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் மூன்று காசு இருக்கும் கையைத்தான் காட்டும். எண்ணிக்கை வேறு, மதிப்பு வேறு என்பது பிள்ளைக்குத் தானாகப் புரிந்துவிடாது. நாம்தான் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டுக் கணிதத்தில் 10 வெள்ளி வரையிலும், இரண்டாம் ஆண்டில் 100 வெள்ளி வரையிலும் பணம் பற்றிய பாடம் உண்டு. ஆனால் புத்தகத்தில் இருப்பது படம். வீட்டிலோ இப்போது காசு கண்ணில் படுவதே குறைந்துவிட்டது. நாசி லெமாக் முதல் மளிகைச் சாமான் வரை எல்லாவற்றுக்கும் கைப்பேசியை நீட்டுகிறோம். அம்மா கைப்பேசியைக் காட்டினார், பொருள் கிடைத்தது. பிள்ளைக்குத் தெரிவது அவ்வளவுதான்.

காசைக் கண்ணால் காணாத வாழ்க்கை நம் சமூகத்துக்குப் புதிதல்ல. பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் பலர் அரிசி, பருப்பைத் தோட்டக் கடையில் பற்று வைத்துத்தான் வாங்கினார்கள். சம்பள நாளில் கடைக் கணக்குக் கழிந்து மிஞ்சியதே கைக்கு வந்தது. எழுத்தும் எண்ணும் தெரியாதவர்கள், கணக்குப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நிலை நம் பிள்ளைகளுக்கு வேறு வடிவில் திரும்பி வரக்கூடாது.

பெரியது என்றால் அதிகமா?

முதலில் நான்கு வகைக் காசுகளையும் மேசையில் கொட்டி, வகை பிரிக்கச் சொல்லுங்கள். 2012-இல் வெளிவந்த புதிய காசுகளில் 5, 10 காசுகள் வெள்ளி நிறம். 20, 50 காசுகள் பொன்னிறம். 5 காசுக்கும் 10 காசுக்கும் அகலத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அளவை நம்பாமல் எண்ணைப் படிக்கப் பழக்குங்கள்.

1989-இல் வந்த பழைய காசுகளும் இன்னும் செல்லும். அதில் 20 காசு, இன்றைய 50 காசைவிடப் பெரியது. "பெரிய காசுக்குத்தான் மதிப்பு அதிகம்" என்று நினைக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

அந்தப் பழைய காசுகளில் உள்ள படங்களும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 5 காசில் பம்பரம், 10 காசில் நம் பல்லாங்குழியை ஒத்த சொங்காக், 20 காசில் வெற்றிலைப் பெட்டி, 50 காசில் பட்டம். வீட்டில் பல்லாங்குழிப் பலகை இருந்தால் குழிக்கு ஒரு வகைக் காசாகப் போட்டு விளையாடச் சொல்லலாம்.

5 வெள்ளியா, 50 வெள்ளியா?

நோட்டில் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. 5 வெள்ளி பச்சை. 50 வெள்ளி நீலம் கலந்த பச்சை. அவசரத்தில் பெரியவர்களே மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு. பிள்ளைக்கு இரண்டு அடையாளங்களைச் சொல்லுங்கள். 5 வெள்ளியில் இருவாய்ச்சிப் பறவை இருக்கும். அது வழுவழுப்பான பிளாஸ்டிக் நோட்டு. 50 வெள்ளியில் செம்பனை மரம் இருக்கும்; அது காகித நோட்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அந்த மரத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பள்ளியில் ரிங்கிட், சென் என்பதும் வீட்டில் வெள்ளி, காசு என்பதும் ஒன்றுதான் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மீதியை ஏறி எண்ணுவது

காசை எண்ணும்போது பெரிய மதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் 50 காசுகள், பிறகு 20, 10, கடைசியில் 5. சிறியதில் தொடங்கினால் பாதியிலேயே கணக்குத் தவறும்.

மீதிக் காசுக்குக் கழித்தலைவிட எளிய வழி, ஏறி எண்ணுவது. பொருளின் விலை 3 வெள்ளி 70 காசு, கொடுத்தது 5 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 3.70-உடன் 10 காசு சேர்த்தால் 3.80, இன்னும் 20 காசு சேர்த்தால் 4 வெள்ளி, ஒரு வெள்ளி சேர்த்தால் 5 வெள்ளி. ஆக, மீதி 1 வெள்ளி 30 காசு. கடையை விட்டு நகரும் முன் இப்படி எண்ணப் பழகிய பிள்ளை, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீதியை விட்டுவிட்டு வராது.

ரசீதில் 4 வெள்ளி 92 காசு என்றிருக்கும். கடையில் 4 வெள்ளி 90 காசு வாங்குவார்கள். ஏன் என்று பிள்ளை கேட்கும். 2008 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை மிக அருகிலுள்ள 5 காசுக்கு மாற்றப்படுகிறது. 1, 2 காசு குறையும். 3, 4 காசு 5 ஆகும். 6, 7 காசும் 5 ஆகும். 8, 9 காசு 10 ஆகும்.

பத்து வெள்ளியின் கணக்கு

எண்ணத் தெரிந்த பிறகு சேர்க்கத் தெரிய வேண்டும். அதற்குச் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி.சம்பந்தன் காட்டிய வழியே நல்ல பாடம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தவித்த காலத்தில், 1960-இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் வெட்டியவர்களின் அந்தப் பத்துப் பத்து வெள்ளிதான் தோட்டங்களையே வாங்கியது. பத்துப் பத்தாகப் பத்து முறை என்றால் நூறு. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது பெருக்கல் கணக்கு. நமக்கு இது வரலாறு.

இந்த வாரமே தொடங்கலாம். புந்தோங் கச்சாங் பூத்தே கடையோ, வீட்டருகே மளிகைக் கடையோ, இரவுச் சந்தையோ, ஏதாவது ஒரு பொருளுக்கு ரொக்கம் கொடுங்கள். பணத்தைப் பிள்ளையே கொடுக்கட்டும், மீதியைப் பிள்ளையே எண்ணட்டும். பின்னால் வரிசையில் நிற்பவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார். தவறினால் அதட்ட வேண்டாம். மறுபடி எண்ணச் சொல்லுங்கள். தீபாவளி அங்பாவ் பணத்தையும் பிள்ளையே எண்ணி, தொகையை எழுதி, உண்டியலில் போடட்டும். நாளை சம்பளச் சீட்டையும் கடன் பத்திரத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் பழக்கம் இந்தச் சில்லறைக் காசில்தான் தொடங்குகிறது.